சிம் இல்லாத போன்

போன் அடித்தபோது அது சுசித்ராவின் மடியில் இருந்தது.

பொற்கொடி முதலில் தன்னுடைய போன் என்றுதான் நினைத்தாள். எடுத்துப் பார்த்தாள். அது சும்மா கிடந்தது. பக்கத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த முனியாயியும் தன் போனைப் பார்த்தாள். அதுவும் இல்லை. சத்தம் நிற்காமல் டவர் பாறை முழுக்கக் கேட்டது. எஸ்டேட் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, ஏலச்செடி முடிந்து புல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது அந்தப் பாறை. அங்கே மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் லயத்துப் பெண்கள் போனும் கையுமாக அங்கே ஏறிவிடுவார்கள்.

"ஏத்தா, ஒன் தங்கச்சி போனுல்ல அடிக்குது," என்றாள் முனியாயி. "சிம்மக் கழட்டிட்டேன்னு சொன்ன?"

"கழட்டிட்டேன்க்கா."

"அப்பறம் எவன் கூப்புடுறான்? சிம்மு இல்லாம அடிக்கிறதுக்கு அது என்ன கோயில் மணியா?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் எட்டித் திரையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

திரையில் பெயர் இல்லை. நம்பர் இல்லை. எடுப்பதற்கும் வைப்பதற்கும் பொத்தான் இல்லை. வெறுமனே வெளிச்சம் எரிய, போன் தன் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. அதைச் சத்தமில்லாமல் வைத்திருந்தது பொற்கொடிதான். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

சுசித்ராவுக்கு ஏழு வயது. போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "பெரியம்மா, அம்மாவா?" என்றாள்.

பொற்கொடி அதைப் பிடுங்கினாள். பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள். அணைந்த பிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கச்சி பானுப்பிரியா செத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தேவாரத்தில் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று அவள் புருஷன் முனீஸ்வரன் சொன்னான். சொல்லி அழுதான். அவன் அழுததைப் பார்த்து ஊர் நம்பியது. பொற்கொடியும் நம்பினாள். எட்டாம் நாள், பொட்டிபுரத்தில் பொற்கொடியின் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்த பிள்ளை, தட்டைப் பார்த்தபடியே, "அப்பா அம்மாவோட காலத் தூக்குச்சு," என்றது.

அதற்குப் பிறகுதான் போலீஸ், கைது, கேஸ் எல்லாம். நான்கு மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். தினமும் காலையில் தேவாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளை இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. அவன் கையெழுத்தும் போட்டான், பொட்டிபுரத்துக்கும் வந்தான். முதல் தடவை அல்வாப் பொட்டலத்தோடு வந்து, "மதினி, எம்புள்ளயக் கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்," என்று வாசலில் பணிவாக நின்றான். இரண்டாம் தடவை அல்வா இல்லை. மூன்றாம் தடவை ஆள் தெரியவில்லை. கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் பெயர்ந்து கிடந்தது. அன்றைக்குப் பிள்ளையும் பொற்கொடியும் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள்.

கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. பார்த்தது பிள்ளை ஒன்றுதான். அடுத்த மாதம் பத்தாம் தேதி தேனி கோர்ட்டில் அது வாய் திறந்து சொல்ல வேண்டும். "அதுவரைக்கும் எங்கயாச்சும் தூரமாக் கொண்டுபோய் வச்சுக்கங்க. எங்கன்னு சொந்தக்காரங்களுக்குக்கூடத் தெரியக் கூடாது," என்று இன்ஸ்பெக்டரம்மா சொன்னார். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டுப் பொற்கொடி மலையேறினாள். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறைக்கும் அந்தப் பக்கம், கேரள எஸ்டேட் ஒன்றில் ஏலப்பழம் பறிக்கச் சேர்ந்தாள். பிள்ளையை அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏறும்போது, மலையடிவாரத்து முந்தலில் ஜீப் நின்றபோது, பானுவின் போனிலிருந்த சிம்மைக் கழற்றிப் பல்லால் கடித்து இரண்டாக்கி ஓடையில் போட்டாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனாலும் அவளுக்கும் அவளுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் போன் என்றால் சிம்தான். சிம் போய்விட்டால் ஆளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மீதி இருப்பது வெறும் டப்பா.

அந்த டப்பாவை அவளால் தூக்கிப் போட முடியவில்லை. அதற்குள் பானு இருந்தாள். இருநூற்றுச் சொச்சம் வீடியோ. பிள்ளைக்குப் பல் விழுந்தது, பானு கோலம் போட்டுவிட்டு அதைத் தானே மிதித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது, ஒன்றுமில்லாமல் சும்மா பேசிக்கொண்டே நடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனில் இடம் நிறைந்துபோய், பானு போடியில் அதை வாங்கின கடையிலேயே கொடுத்து இடத்தைக் காலி செய்திருந்தாள். காலி செய்தது என்றால், எல்லாவற்றையும் எங்கேயோ ஒரு கம்பெனியின் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். நெட் இருந்தால்தான் படம் அசையும், குரல் வரும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியம்மாவும் மகளும் பாறைக்கு வந்து, பொற்கொடியின் போனிலிருந்து நெட்டைத் திறந்துவிட்டுப் பானுவைப் பார்த்தார்கள்.

வீடியோக்களுக்கு நடுவே விளம்பரமும் வரும். பானு செத்த புதிதில் அந்தப் போனில் கைக்குழந்தைச் சட்டையாக வந்தது. பிறகு ஒருநாள், "இந்த வாரம் உங்கள் குழந்தை எலுமிச்சம்பழ அளவு இருக்கும்," என்று ஒரு செய்தி வந்தது. பொற்கொடிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றைத் தங்கச்சி போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் அது எழுதியிருந்தது என்பது வக்கீல் வாசித்துச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. போன் அதற்கு முன்பே வாரம் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஆத்தா, பேய் ஓட்டுற கோடாங்கிகிட்ட ஒரு எட்டுப் போயி துண்ணூறு மந்திரிச்சு வாங்கிட்டு வருவமா?" என்றாள் முனியாயி. அவள் குரல் இறங்கியிருந்தது. "கண்ட ஆவி கண்ட எடத்துல அலையுது."

கூப்பிட்டது பானுவாக இருந்தால் பொற்கொடி பயந்திருக்கவே மாட்டாள். எடுத்து, "என்னடி, எங்கடி இருக்க?" என்று கேட்டிருப்பாள். உயிரோடு இருக்கிறவன் கூப்பிட்டிருந்தால் என்ன செய்வது என்பதுதான் அவளுடைய பயம்.

தன் போனிலிருந்து போடியில் அந்த போன் கடை வைத்திருக்கும் விஜயகுமாருக்குப் பேசினாள். பானுவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அக்கா, அத ஆன் பண்ணாமக் கொண்டாங்க. காலைல மொத ஜீப்புலயே வாங்க," என்றான். கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளையக் கூட்டியாராதீங்க," என்றான்.

ஏன் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. முனியாயியைச் சோலிக்குப் போகவிடாமல் பிள்ளையோடு லயத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தச் சொன்னாள். ஜீப்பில் மலையிறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே ஏறிவந்த பைக்குகளை எல்லாம் பார்த்தாள். "என்னக்கா, மாப்ள பாக்கப் போறியா? ரோட்டுல ஒருத்தன விடாமப் பாத்துட்டு வர்ற," என்று டிரைவர் சின்ராசு கேலி செய்தான். அவளும் சிரித்து வைத்தாள்.

விஜயகுமாரின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற அகலத்தில் இருந்தது. அவளை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்து, கண்ணாடிக் கதவில் பாதிக்குத் திரையை இழுத்துவிட்டான். கடை நெட்டில் போட்டுப் போனை உயிர்ப்பித்தான். எதையோ தேடித் திறந்தான்.

"இது யாரு கணக்குன்னு பாருங்க."

முனீஸ்வரனின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது.

"நான்தான்க்கா போட்டுக் குடுத்தேன். போன் வாங்க வந்தப்ப ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. வீட்டுக்கு ஒரு ஐடி போதும்டா, எதுக்கு ரெண்டுன்னு சொன்னான். இங்க எல்லாரும் அப்பிடித்தான்க்கா, வீட்டுக்கு ஒண்ணு, அதுவும் ஆம்பள நம்பர்ல. நானும் யோசிக்கல." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அவன் போன்லயும் இதே கணக்கு. போனு தொலைஞ்சா தேடுறதுக்குன்னு ஒரு வசதி இருக்கு. அங்க உக்காந்து ஒரு பொத்தான அமுக்குனா இங்க அடிக்கும். சிம்மெல்லாம் வேண்டியதில்ல. நெட்டு இருந்தாப் போதும்."

"அவன்தான் அடிச்சானா?"

"அவன்தான்."

பிறகு ஒரு வரைபடத்தைத் திறந்தான். பச்சையும் சாம்பலுமாக மலை. அதன்மேல் நீலக்கோடு. பொற்கொடி குனிந்து பார்த்தாள். தேதி இருந்தது. நேரம் இருந்தது. 'நடந்து, 22 நிமிடம்.' லயத்திலிருந்து பாறைக்கு. அடுத்த ஞாயிறும் அதே. அதற்கு அடுத்ததும். ஒரு செவ்வாய்க்கிழமையைத் தொட்டான். கோடு லயத்திலிருந்து புறப்பட்டு, தார் ரோட்டைத் தாண்டி, பள்ளிக்கூடத்தில் போய் நின்றது. 'ஆறு மணி நேரம்.'

"இது எப்படி? பள்ளிக்கூடத்துக்கு நான் போனக் கொண்டு போனதே இல்லையே."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை அதைப் புத்தகப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. கணக்குப் புத்தகத்துக்கும் சோற்று டப்பாவுக்கும் நடுவில் அம்மாவை வைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒரு நாள் இல்லை. ஒன்பது நாள்.

"மலையில நெட்டு இல்லாட்டியும் அதுபாட்டுக்கு உள்ள குறிச்சு வச்சுக்கிரும். ஞாயித்துக்கெழமை நெட்டுக் கெடச்ச ஒடனே எல்லாத்தையும் மேல ஏத்திரும்," என்றான் விஜயகுமார்.

லயம் இருந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் திறந்திருந்தது. நல்ல தமிழில், மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்: 'இது உங்கள் வீடா?'

பொற்கொடி நிமிர்ந்தாள். "யாரு தம்பி இதெல்லாம் எழுதுறது? யாராச்சும் உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்களா?"

"ஆளு யாரும் கெடையாதுக்கா. மிசினு. தானா எழுதிக்கிரும். உங்க போன்லயும் எழுதும். என் போன்லயும் எழுதும்."

"எதுக்கு?"

"விக்கத்தான். எங்க போற, எம்புட்டு நேரம் நிக்கிற, என்ன தேடுறன்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன விளம்பரம் போடலாம்ல. கம்பெனிக்கு நம்ம மேல பகையெல்லாம் இல்ல. அவனுக்கு நம்ம யாருன்னே தெரியாது."

தெரியாதவன்தான் இத்தனையும் எழுதி வைத்திருக்கிறான். தெரிந்தவன் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எத்தனை நாளாகப் பார்க்கிறான்? பள்ளிக்கூடத்து வாசலில் போன வாரம் நின்ற பைக் யாருடையது? அது வெறும் பைக்தானா? அவள் எழுந்தாள். விஜயகுமார் கையமர்த்தினான்.

"இருங்கக்கா. நேத்துதான் அடிச்சுப் பாத்திருக்கான்னா, நேத்துதான் கண்டுபிடிச்சிருப்பான். கணக்க இதுலருந்து எடுத்துட்டா அப்பறம் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எடுத்தா வீடியோ எல்லாம் போயிரும். அதுக்கு முன்னாடி எறக்கிருவோம்."

மெமரி கார்டு ஒன்றைப் போட்டு ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான். ஒன்று. இரண்டு. வட்டம் சுற்றிச் சுற்றி நிறைந்தது. ஏழாவது இறங்கும்போது பானுவின் குரல் கடைக்குள் கேட்டது; விஜயகுமார் சட்டென்று சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது பாதியில் நின்றது. திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. பூட்டு ஒன்று விழுந்திருந்தது. அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வரி:

'மதினி போடி வந்திருக்கீங்களா. பிள்ளை எங்க.'

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். வெளியே பஸ் ஒன்றைப் பின்னால் எடுக்க யாரோ விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கருந்தே பூட்டிட்டான்," என்றான் விஜயகுமார். "இனி திறக்க முடியாது. திறக்கணும்னா எல்லாத்தையும் அழிக்கணும்." தன் போனை எடுத்து அந்தத் திரையை இரண்டு படம் எடுத்துக்கொண்டான். "இது வக்கீலுக்கு ஆகும்."

"தேவாரத்துலருந்து இங்க வர எம்புட்டு நேரம் ஆகும்?"

"பைக்குல முக்கா மணி. அவன் ஓட்டுற ஓட்டுக்கு அரை மணி."

பொற்கொடி போனைப் பார்த்தாள். அணைத்து எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்துக்கொண்டு போனால், வரைபடத்தில் போடியில் எரியும் புள்ளி மறைந்த மறுநிமிஷம் அவனுக்குப் போக இடம் ஒன்றுதான் மிச்சம். லயம் தெரியும். பள்ளிக்கூடம் தெரியும். ஜீப்பைவிடப் பைக் வேகம். அவள் மேலே போய்ச் சேருவதற்குள் அவன் முனியாயியின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். பிள்ளை, கதவைத் தட்டுவது பெரியம்மா என்று நினைத்துத் திறந்துவிடும்.

"இது இங்க எரிஞ்சுக்கிட்டே இருந்தா அவன் இங்கதான வருவான்?" என்று கேட்டாள்.

விஜயகுமாருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழுத்தைச் சொறிந்தான்.

"ரிப்பேருக்கு ஒரு பொம்பள குடுத்துட்டுப் போச்சு, சாயங்காலம் பிள்ளையோட வந்து வாங்கிக்கிறேன்னுச்சுன்னு சொல்றேன். பிள்ளை வருதுன்னு சொன்னா எந்திரிக்க மாட்டான். உக்காருவான்."

"ஒனக்கு ஒண்ணுன்னா?"

"பட்டப்பகல்ல, பஸ் ஸ்டாண்டுல, சுத்தி முப்பது கடைக்காரன் இருக்கான். என்னக்கா பண்ணிருவான்?" என்றான். ஆனால் அவன் உதடு காய்ந்திருந்தது. "வெரசாப் போங்க. லயத்துல தங்காதீங்க."

மெமரி கார்டை அவன் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தான். பொற்கொடி அதை முந்தானையில் முடிந்தாள். இருநூற்றுச் சொச்சத்தில் பதினொன்று. போனை ஒருதரம் தொட்டாள். மேசைமேல், பூட்டோடு, அந்த வெள்ளை வரியோடு அதை விட்டுவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒரு ஆள் நிதானமாக நிற்க வேண்டும்.

சின்ராசு ஆள் சேராமல் ஜீப்பை எடுக்க மாட்டேன் என்றான். "எம்புள்ளைக்கு உடம்புக்கு முடியல, அப்பு. எடு," என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் எடுத்தான்.

போடிமெட்டு நெருங்கும்போது போன் வந்தது. விஜயகுமார். ஆனால் குரல் வேறு யாருடனோ பேசுவதுபோல இருந்தது.

"ஆங், சொல்லுங்கண்ணே. நீங்க கேட்ட மாடல் வந்துருச்சுண்ணே. ஆமாமா, கடையிலதான் இருக்கு, இந்தா எதிர்க்கத்தான் உக்காந்திருக்கு. டீ வாங்கிக் குடுத்திருக்கேன்... இல்ல, டீ நம்ம கஸ்டமருக்குண்ணே. நீங்க மெதுவா வாங்க, சாயங்காலம் வரைக்கும் கடை திறந்துதான் இருக்கும்."

வைத்துவிட்டான். முனீஸ்வரன் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான் என்று அவளுக்கு விளங்கியது. உடனே வேறொன்று தோன்றியது. அவள் கையிலிருக்கும் இந்தப் போனும் விஜயகுமாரின் கடையில் வாங்கியதுதான். இதை யார் பெயரில் போட்டார்கள்? பொட்டிபுரத்தில் இருந்தபோது ரீசார்ஜ் செய்து தருகிறேன் என்று ஒருதரம் முனீஸ்வரன் இதை வாங்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தானே? அப்போது பானு உயிரோடு இருந்தாள். அவன் அப்போது வெறும் மாப்பிள்ளை. எதையெல்லாம் திறந்தான்? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அதையும் அணைத்தாள். அணைந்த போன் நிஜமாகவே அணைந்துதான் இருக்கிறதா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

லயத்துக் கதவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் முனியாயி திறந்தாள். திறந்தவளின் கையில் அரிவாள் இருந்தது. துணிமணி இரண்டை எடுத்துப் பிள்ளையின் புத்தகப்பையில் திணித்தாள் பொற்கொடி.

"எங்கத்தா போற?"

"கேக்காதீங்கக்கா. ஒங்களுக்குத் தெரியாம இருந்தாத்தான் ஒங்களுக்கு நல்லது."

"அதுவும் சரிதான். எவனாச்சும் வந்து கேட்டா, எனக்குக் காது கேக்காதுன்னுருவேன்," என்ற முனியாயி, பிள்ளையின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். முறிக்கும்போது அவள் கண் கலங்கியது.

தார் ரோட்டில் நெடுங்கண்டம் போகிற பஸ் வந்தது. பின்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டில், பிள்ளையைச் சன்னல் பக்கம் விடாமல் உள்பக்கமாக வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் முப்பது பேர் இருக்கலாம். பொற்கொடி ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவன் போனில் பந்தாட்டம் பார்த்தான். கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒரே போனில் காதை வைத்திருந்தார்கள். கண்டக்டரின் சட்டைப்பைக்குள் ஒன்று எரிந்தது. முப்பது பேருக்கும் எங்கேயோ கோடு இழுத்துக்கொண்டிருக்கிறது. 'பேருந்தில், 41 நிமிடம்.' நேற்றுவரை இது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"பெரியம்மா, அம்மா போன் எங்க?"

"அது ரிப்பேராயிருச்சு, தங்கம்."

"எப்பத் தருவாங்க?"

பொற்கொடி பிள்ளையின் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தது. அதற்கு எவ்வளவு விளங்கியது என்று சொல்ல முடியாது. தலையைச் சாய்த்து அவள் மடியில் வைத்துக்கொண்டது.

முன் சீட்டில் இருந்த மலையாளத்துப் பெண் திரும்பினாள். நல்ல முகம். கையில் வளையலும் பெரிய போனும். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன சேச்சி, மோளு ஒறங்கியா? நல்ல சுந்தரிக்குட்டி. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? ஸ்டேட்டஸ் வைக்கத்தான்."

போனை உயர்த்திவிட்டாள். கருப்பு வட்டம் பிள்ளையை நோக்கித் திரும்பியது. பொற்கொடி வாய் திறப்பதற்கு முன்பே அவள் கை எழுந்து, விரல்களை விரித்து, அந்த வட்டத்தின்மேல் முழுதாகப் படிந்தது. அந்தப் பெண் திடுக்கிட்டாள். பஸ்ஸில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்மா," என்றாள் பொற்கொடி. அதட்டலாகச் சொல்லத்தான் நினைத்தாள். கெஞ்சலாக வந்தது. "பிள்ள மொகம் வேண்டாம்."

அந்தப் பெண் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன் பிறகும் பொற்கொடி கையை இறக்கவில்லை. வளைவுகளில் பஸ் சாயச் சாய, ஒரு கையால் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்து, மறுகையை அப்படியே காற்றில் விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.